ஆசானை மறுத்த மாணவர்

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஒரு விண்ணப்பம் எழுந்தது. சட்டப் பேராசிரியர் ஜோன் பின்னிஸ் என்பாரைக் கற்பிக்கும் பணியினின்றும் விலக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நூற்றுக்கணக்கானோர் அதில் ஒப்பமிட்டனர். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தெட்டு. பதவியினின்றும் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும், மேற்பட்ட வகுப்பு மாணாக்கருக்கான கருத்தரங்கொன்றைப் பிறருடன் சேர்ந்து நடத்தி வந்தார். அதனையும் அவரிடமிருந்து பறிக்க வேண்டும் என்றனர் விண்ணப்பகாரர்.

அவர் செய்த குற்றம் யாது? கையூட்டு வாங்கினாரா? பரீட்சைத் தாளை விற்றாரா? அன்று. ஓரினச் சேர்க்கையாளரைப் பற்றி அவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய எழுத்துக்களே குற்றப் பத்திரிகையாயின. அவ்வெழுத்துக்கள் ஒரு பகுதி மக்களை இழிவு செய்கின்றன. அவ்வாறு எழுதியவர் அம்மக்களுள் ஒருவருக்கு நடுநிலையோடு கற்பிப்பார் என்று எங்ஙனம் நம்புவது என்று கேட்டனர் மாணாக்கர். பல்கலைக்கழகமோ, கல்வித்துறையில் கருத்துரிமை காக்கப்பட வேண்டும் என்று கூறி விண்ணப்பத்துக்கு இணங்க மறுத்தது.

இவ்வழக்கில் நாம் எந்தப் பக்கம்? பேராசிரியர் எழுதியவற்றுட் சிலவற்றை நாம் ஏற்கவில்லை, வன்மையாக மறுக்கிறோம். எனினும் அவரை வகுப்பறையினின்றும் வெளியேற்றக் கேட்டது தவறு என்றே கருதுகிறோம். இவை இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றலாம். முரண்படா என்பதை மெய்ப்பிக்க அம்மனிதரின் வாழ்க்கையே போதிய சான்று. ஆதலால் அவ்வாழ்க்கையைச் சற்று விரிவாக நோக்குவோம்.

அடிலெயிட்டிலிருந்து ஒக்ஸ்போட்டுக்கு

ஜோன் மிச்சல் பின்னிஸ் 1940ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி, தென் அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெயிட்டிற் பிறந்தார். அந்நகரத்துப் பல்கலைக்கழகத்திலேயே சட்டம் கற்றுத் தேறினார். பின்னர் றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று, 1962ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டின் யுனிவேர்சிற்றிக் கல்லூரியை அடைந்தார். அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியதும் அவ்வாண்டிலேயே. பெற்றோர் வழியாக வந்த சமயமன்று அது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் தாமே ஆராய்ந்து தெரிந்துகொண்ட சமயம். இதனை மனத்திற் கொள்ளாதவர், பின்னாளில் அச்சமயக் கொள்கையை அவர் இம்மியும் விட்டுக்கொடாது நின்றதன் காரணத்தை உணரமாட்டார்.

ஒக்ஸ்போட்டில் அவருக்கு வாய்த்த ஆசான் எச். எல். ஏ. ஹாட். 1952 முதல் 1968 வரை அங்கே சட்டவியற் பேராசிரியராயிருந்த ஹாட், ஆங்கிலம் பேசும் உலகிற் சென்ற நூற்றாண்டின் தலைசிறந்த சட்டத் தத்துவ அறிஞருள் ஒருவர். யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர், சமயப் பற்றில்லாதவர். 1961இல் வெளிவந்த "சட்டம் என்னும் கருத்து" என்னும் அவருடைய நூல், சட்டம் பயில்வோர் பலரும் கற்கும் நூல். சட்டம் யாது என்பது ஒரு வினா, அது நன்றா தீதா என்பது வேறொரு வினா, இரண்டையும் குழப்புதல் ஆகாது என்பது ஹாட்டின் கட்சி. தீய சட்டமும் சட்டமே. ஆனால் கீழ்ப்படிய முடியாத அளவுக்குத் தீயது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அதனை எதிர்ப்பதே நேர்மை என்றார் அவர்.

தனிமனிதரின் அந்தரங்க ஒழுக்கத்திற் சட்டம் தலையிடுதல் கூடாது என்று வாதாடியவரும் இந்த ஹாட்டே. ஆடவர் இருவர் தம்முட் கொள்ளும் உறவு இங்கிலாந்திற் குற்றமாயிருந்த காலம் அது. அதனைக் குற்றமெனவே வைத்திருக்க வேண்டும் என்று டெவ்லின் பிரபு வாதாட, ஹாட் அவரை மறுத்து 1963இல் ஒரு சிறு நூலே எழுதினார். 1967இல் இங்கிலாந்தின் சட்டம் மாற்றப்பட்டது.

இத்தகைய ஆசானிடம், இயற்கைச் சட்டம் என்னும் பழங்கொள்கையிற் பற்றுடைய கத்தோலிக்க மாணவர் வந்து சேர்ந்தார். அவருடைய ஆராய்ச்சியை ஹாட்டே மேற்பார்வை செய்தார். நீதித்துறையின் அதிகாரம் என்னும் பொருள் பற்றி எழுதி 1965இற் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னிஸ், அடுத்த ஆண்டிலேயே தாம் பயின்ற கல்லூரியில் ஆசிரியரானார். அப்பொழுதுதான் நாம் வியந்து போற்ற வேண்டிய செயலொன்று நிகழ்ந்தது. தாம் பதிப்பாசிரியராயிருந்த சட்ட நூல் வரிசைக்கு ஒரு நூல் எழுதித் தருமாறு ஹாட் அவரைக் கேட்டார். நூலின் பெயரையும் ஹாட்டே கொடுத்தார்: "இயற்கைச் சட்டமும் இயற்கை உரிமைகளும்".

தமது கொள்கைக்கு நேர்மாறான கொள்கையை விளக்கும் நூலைத் தமது வரிசையிலேயே எழுதுமாறு, தம்மை மறுக்கும் மாணவரையே ஓர் ஆசான் வேண்டுகிறார்! தம்மை எதிர்ப்பவனுடைய வாதம் வலுவிழந்து கிடப்பதைக் காண விரும்பாது, அது முழு வலிமையோடு எழுந்து நிற்பதைக் காண விரும்புபவனே உண்மை அறிஞன். ஹாட் அத்தகையவர்.

நூலும் அதன் போதனையும்

வேண்டிய நூல் உடனே வந்துவிடவில்லை. இடையே பின்னிஸ் 1970இற் சட்டத்தரணியாகப் பதிவு பெற்றார். 1976 முதல் 1978 வரை ஆபிரிக்காவிலுள்ள மலாவிப் பல்கலைக்கழகத்திற் சட்டப் பேராசிரியராயிருந்தார். கமுசு பண்டா என்பார் ஆயுட்கால ஜனாதிபதி என்று பட்டஞ்சூட்டிக்கொண்டு தனியாட்சி நடத்திய நாடு அது. சட்டம் என்னும் பெயர் மட்டும் இருந்து நீதி இல்லாதவிடத்து வாழ்வு எவ்வாறிருக்கும் என்பதை அறிய அதனினும் பொருத்தமான பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. நூல் 1980இல் வெளிவந்தது. இறந்தொழிந்தது என்று பலர் கைவிட்டிருந்த இயற்கைச் சட்டக் கொள்கை மீண்டும் அறிஞர் மன்றத்தில் ஆசனம் பெற்றது.

அந்நூல் கூறுவது யாது? மனித வாழ்வுக்கு அடிப்படையான நலன்கள் ஏழு உள என்கிறார் ஆசிரியர். உயிர் வாழ்தல், அறிவு, விளையாட்டு, அழகை நுகர்தல், நட்பு, வாழ்வை நெறிப்படுத்தும் அறிவுடைமை, சமயம் என்பன அவை. இவை நல்லவை என்பதற்குப் புறம்பான சான்று தேவையில்லை. சிந்திக்கும் எவருக்கும் தாமே விளங்குவன. கடவுளை நம்பாதவரும் இவற்றை ஒப்புக்கொள்ளலாம். ஒன்றைப் பெறுதற்பொருட்டு மற்றொன்றை நேராகத் தாக்கி அழித்தல் எக்காரணத்தாலும் தகாது. இந்நலன்களை மக்கள் எல்லாரும் எய்துவதற்கேற்ற நிலையைப் படைப்பதே பொதுநலம். அப்பொதுநலத்தின் பொருட்டே அரசும் சட்டமும் உள.

சட்டத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? ஆணையிடுபவனின் வாளிலிருந்தன்று, கைதூக்கியவர்களின் எண்ணிக்கையிலிருந்து மட்டுமன்று, அது பொதுநலத்துக்குப் பணி செய்வதிலிருந்தே வருகிறது. நீதியற்ற சட்டம் சட்டமே அன்று என்று முன்னோர் கூறிய வாக்கை, நூலின் இறுதிக்கு முந்திய இயலில் அவர் ஆழ்ந்து ஆராய்கிறார். நீதியற்ற சட்டமும் ஏட்டிற் சட்டமாகவே இருக்கும், நீதிமன்றமும் அதனைச் சட்டமென்றே நடத்தும். ஆனால் சட்டம் என்னும் சொல்லின் முழுப் பொருள் அதற்கில்லை, மனச்சாட்சியைக் கட்டும் ஆற்றலும் தன்னளவில் அதற்கில்லை என்பது அவர் முடிபு. பெரும்பாலும் நீதியுடையதாக நடக்கும் ஆட்சியை முற்றாகக் குலைத்துவிடாதிருத்தற்பொருட்டுச் சிலவேளைகளில் அதற்கும் ஓரளவு அமைந்து நடக்க வேண்டி வரலாம் என்று எச்சரிக்கையும் செய்கிறார். அக்குவினாசின் கருத்தும் இதுவே என்று காட்டுகிறார்.

இப்போதனை தமிழ் மக்களுக்குப் புதுமையானதன்று. செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தவர் வள்ளுவர். ஆராயாது கூறிய தீர்ப்பு அரசன் வாயிலிருந்து வந்தமையால் மட்டும் தீர்ப்பாகிவிடாது என்பதைக் கையிற் சிலம்போடு மதுரை அரசவையில் நின்ற ஒரு பெண் மெய்ப்பித்த கதையை நம் சிறாரும் அறிவர். அக்கதையிற் பாண்டியனும் அதனை ஒப்புக்கொண்டே உயிர்விட்டான். அடிலெயிட்டிற் பிறந்தவரும் மதுரைக் கதை பாடியவரும் ஒரே வாயிலிற் சந்திக்கின்றனர் எனின் அது மிகையாகாது.

கனடாவும் வெஸ்ட்மினிஸ்டரும்

ஏட்டில் எழுதியதோடு நின்றவரல்லர் பின்னிஸ். நூல் வெளிவந்த அதே ஆண்டில் ஒரு பெரும் அரசியல் வழக்கில் அவருடைய அறிவு வேண்டப்பட்டது.

1867ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்தது கனடாவின் சமஷ்டி. அச்சட்டத்தின் முக்கிய பகுதிகளைத் திருத்தும் அதிகாரம் அன்றுவரை இலண்டன் பாராளுமன்றத்திடமே இருந்தது. அவ்வதிகாரத்தைக் கனடாவுக்கே கொண்டுவருவதென்றும், உரிமைச் சாசனம் ஒன்றையும் அதனோடு சேர்ப்பதென்றும் பிரதமர் பியர் ட்ரூடோ 1980ஆம் ஆண்டு ஒக்டோபரில் அறிவித்தார். நோக்கம் நல்லதே. ஆனால் மாகாணங்களின் இணக்கமின்றியே அதனைச் செய்வதற்கு அவர் துணிந்தார். பத்து மாகாணங்களுள் ஒன்ராறியோவும் நியூ பிரன்ஸ்விக்கும் மட்டுமே அவருக்குத் துணை நின்றன. மத்திய பாராளுமன்றம் கேட்டால் இலண்டன் மறுபேச்சின்றி நிறைவேற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒட்டாவா அரசின் வாதம்.

பிரித்தானியப் பொதுமக்கள் சபையின் வெளிநாட்டு அலுவல்கள் குழு, சேர் அந்தனி கேர்ஷோவின் தலைமையில் இதனை ஆராய்ந்தது. அக்குழுவின் ஆலோசகர் பின்னிஸ். 1981 ஜனவரியில் வெளியான அறிக்கை ஒட்டாவாவைத் திடுக்கிட வைத்தது. கேட்டதையெல்லாம் முத்திரை குத்திக் கொடுக்க வேண்டிய கடமை இலண்டனுக்கு இல்லை. சமஷ்டியாக அமைந்த மக்கள் அனைவரின் விருப்பத்தையும் அவ்வேண்டுகோள் காட்டுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அதற்கு உண்டு என்பது அறிக்கையின் கருத்து. அதே ஆண்டு செப்டெம்பரிற் கனடாவின் உயர் நீதிமன்றமும், தனித்துச் செயற்படுவதைச் சட்டம் தடுக்காவிடினும், மாகாணங்களிற் கணிசமானவற்றின் இணக்கத்தைப் பெறுவதே அரசியல் மரபு என்று தீர்ப்புக் கூறியது. ட்ரூடோ மீண்டும் பேச்சு மேசைக்கு வந்தார். நவம்பரில் ஒன்பது மாகாணங்கள் இணங்கின. கியூபெக் மட்டும் விலகி நின்றது. 1982 ஏப்ரலிற் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

மத்தியிற் பெரும்பான்மை இருந்தால் எதனையும் செய்துவிடலாம் என்னும் நினைப்புக்கு அங்கே ஒரு கடிவாளம் இடப்பட்டது. சமஷ்டி என்னும் சொல்லின் பொருளை அறிந்த வாசகர் இதன் அருமையையும் அறிவர். பழமைவாதி என்று ஒருவரை ஒரே சொல்லாற் கழித்துக்கட்டுபவர்கள் இவ்வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும்.

அணுகுண்டும் ஆயர்களும்

நினைவுகூர வேண்டியது இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் றேகனும் பிரித்தானியாவிற் தச்சரும் ஆண்ட காலம். மொஸ்கோவின் படையெடுப்பைத் தடுத்து நிறுத்துவது அணுகுண்டின் அச்சமே என்பது மேற்குலகப் பழமைவாதிகளின் வேதவாக்கு. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1982இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு விடுத்த செய்தியில், படைக்கலக் குறைப்பை நோக்கிச் செல்லும் ஒரு படியாக மட்டும் அந்த அச்சுறுத்தல் பொறுத்துக்கொள்ளப்படலாம் என்றார். அமெரிக்க ஆயர்களும் 1983இற் பல நிபந்தனைகளுடன் அவ்வாறே கூறினர்.

பின்னிசோ தம் நண்பர் ஜோசப் பொயில், ஜேர்மேன் கிரிசே ஆகிய இருவரோடும் சேர்ந்து 1987இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மாற்றான் தாக்கினால் அவனுடைய நகரங்களை அழிப்போம் என்று அச்சுறுத்துவது குற்றமற்ற மக்களைக் கொல்லும் எண்ணத்தை உள்ளத்திற் கொண்டிருப்பதாகும். நிபந்தனையோடு கூடிய கொலை எண்ணமும் கொலை எண்ணமே. ஆதலால் எதிரி கைவிடாவிடினும் மேற்குலகம் அதனைக் கைவிட்டேயாக வேண்டும் என்பது அந்நூலின் முடிபு. அதனால் சோவியத்தின் ஆதிக்கத்துக்கு உட்பட நேர்ந்தால் என் செய்வது? நேர்ந்தாலும் கைவிட வேண்டியதே என்றனர். எந்தக் கட்சியும் இக்கொள்கையைத் தன் கொடியில் எழுதத் துணியவில்லை. கருவிலிருக்கும் உயிரைக் கொல்லுதல் தகாது என்று 1973 தொட்டு எழுதிவந்தவர், மொஸ்கோவின் குழந்தைகளைக் கொல்லுதலும் தகாது என்று அதே வாயாற் கூறினார். முற்கூற்றை ஏற்காதாரும் பிற்கூற்றின் நேர்மையை மறுத்தல் ஒண்ணாது.

எங்கே நாம் மறுக்கிறோம்

இனி, விண்ணப்பம் எழுந்த காரணத்துக்கு வருவோம். மறைத்துப் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை.

ஆணும் பெண்ணும் கொள்ளும் மணவாழ்வு ஒன்றே உடலுறவுக்கு உரிய இடம். அதற்குப் புறம்பான உறவுகள் அனைத்தும், ஓரினத்தார் உறவு உட்பட, மனித நலனுக்கு முரணானவை என்பது பின்னிசின் கொள்கை. 1968இற் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் செயற்கைக் கருத்தடையைத் தடுத்து விடுத்த மடலைக் கத்தோலிக்க அறிஞர் பலர் எதிர்த்தபோதும் அவர் தாங்கி நின்றது இக்கொள்கையின் வழியே. வயது வந்தோரின் அந்தரங்கச் செயல்களை அரசு தண்டித்தல் ஆகாது என்பதில் அவர் ஹாட்டோடு ஒத்துப்போகிறார். ஆனால் அவ்வுறவை நல்லதென்று அங்கீகரிக்கும் கடமை அரசுக்கு இல்லை. அங்கீகரியாதிருப்பதே பொதுநலம் என்கிறார்.

இக்கொள்கை 1993இல் ஒரு நீதிமன்றத்துள் நுழைந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1992இல் மக்கள் வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. ஓரினச் சேர்க்கையாளருக்கு எதிரான பாரபட்சத்தை எந்த நகரசபையும் எந்த அரசாங்க நிறுவனமும் சட்டத்தினால் தடுத்தல் ஆகாது என்னும் திருத்தம் நூற்றுக்கு ஐம்பத்துமூன்று பேர் அளவில் ஆதரவு பெற்று நிறைவேறியது. வழக்கு எழுந்தபோது திருத்தத்தைக் காக்க முனைந்த அரச தரப்புக்காகச் சாட்சியம் அளித்தவருள் பின்னிசும் ஒருவர். 1996இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தைத் தள்ளிவிட்டது. நீதியரசர் அறுவர் ஒருபுறம், மூவர் மறுபுறம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கென்னடியும் கத்தோலிக்கர்; அதனைக் காரசாரமாக எதிர்த்தெழுதிய ஸ்காலியாவும் கத்தோலிக்கர். சமயம் ஒன்றாயினும் நீதியைப் பற்றிய தெளிவு ஒன்றாயிருப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்திற் பேராசிரியரை அவருடைய அளவுகோலைக் கொண்டே அளக்க விரும்புகிறோம். கைதூக்கியவரின் எண்ணிக்கை மட்டும் சட்டத்தை நீதியாக்கிவிடாது என்று கற்பித்தவர் அவர். எல்லா மக்களும் நலமெய்துவதற்கேற்ற நிலையே பொதுநலம் என்று வரையறுத்தவரும் அவரே. மற்றைய குடிமகன் வேலையையோ வீட்டையோ அநியாயமாக இழந்தால் நகரசபையின் கதவைத் தட்டலாம். இன்னாருக்கு மட்டும் அக்கதவு பூட்டப்பட்டது. அதனைத் திறக்க வேண்டுமாயின் மாநிலத்தின் அரசியலமைப்பையே மாற்றி வரவேண்டும் என்பது பொதுநலமா? நகரசபையின் பாதுகாப்பைக் கேட்பவன் தன் வாழ்க்கை முறைக்குப் புகழ்மாலை கேட்கவில்லை; வாடகை வீட்டினின்றும் துரத்தப்படாதிருக்கவே கேட்கிறான். நட்பையும் அறிவையும் உயிரையும் அடிப்படை நலன்கள் என்று எண்ணியவர், அவற்றை நுகர்வதற்கு வேண்டிய வேலையும் இருப்பிடமும் ஒரு பகுதியினருக்கு மட்டும் பாதுகாப்பின்றி நிற்பதைக் கண்டு வாளாவிருத்தல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு அவருடைய எழுத்துக்களில் நாம் நிறைவான விடை காணவில்லை.

அவ்வெழுத்துக்களின் தொனியும் மாணாக்கரைப் புண்படுத்தியது. தம்மைப் பற்றி இவ்வாறு எழுதியவர் முன் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து பாடங் கேட்க நேர்ந்த இளைஞனின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை நாம் எளிதிற் கடந்துபோக மாட்டோம். சிறுபான்மையாய் இருத்தலின் வேதனை அனுபவித்தவருக்கே தெரியும்.

வகுப்பறை யாருக்கு உரியது?

அவ்வாறாயின் விண்ணப்பத்தை நாம் ஏன் எதிர்க்கிறோம்?

முதலாவது, கருத்து வேறு, நடத்தை வேறு. பேராசிரியர் ஒருவர் மாணவனின் பிறப்பையோ இயல்பையோ நோக்கிப் புள்ளி குறைப்பாராயின், வகுப்பில் இழிசொற் கூறுவாராயின், அவரை விசாரித்துத் தண்டிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விதிகள் உள. விண்ணப்பமோ அவருடைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் கொண்டே அவரை நீக்கக் கேட்டது. எழுத்துக்கு மறுமொழி எழுத்தே.

இரண்டாவது, இன்று ஒரு கையில் உள்ள கோல் நாளை மற்றொரு கைக்கு மாறும். ஹாட் டெவ்லினை மறுத்து எழுதிய நாளில், ஹாட்டின் கருத்தே நாட்டிற் பலருக்கு அருவருப்பூட்டிய கருத்து. பெரும்பான்மையோரின் மனம் நோகக் கூடாது என்னும் விதி அன்று ஒக்ஸ்போட்டில் இருந்திருப்பின், ஹாட் பேசியிருக்க முடியாது. அச்சிறுபான்மையினரின் விடுதலைக்கு வாதாடிய நாவையே அவ்விதி கட்டியிருக்கும். வலியவனுக்கு ஆதரவாகப் பேசும் உரிமைக்குக் காவல் தேவையில்லை. அது தானே நடக்கும். சிறுபான்மையினருக்கே கருத்துரிமையின் காவல் வேண்டும். அதனை முதலில் உடைப்பவர்கள் சிறுபான்மையினராகவே இருந்துவிடின், அதனினும் பெரிய அறியாமை வேறில்லை.

மூன்றாவது காரணத்தை வரலாறே எழுதி வைத்திருக்கிறது. பின்னிசிடம் ஒக்ஸ்போட்டில் ஆராய்ச்சி செய்த மாணவருள் ஒருவர் நீல் கோர்சச் என்னும் அமெரிக்கர். கருணைக்கொலை பற்றி ஆசானின் வழிநின்று ஆராய்ந்து 2004இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2017இல் அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசரானபோது, பழமைவாதிகள் மகிழ்ந்தனர், மாற்றார் அஞ்சினர். 2020ஆம் ஆண்டு ஜூனில் என்ன நிகழ்ந்தது? ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காகவோ, பால் மாறியவர் என்பதற்காகவோ ஒருவரை வேலையினின்றும் நீக்குதல் 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் அறுவருக்கு மூவர் என்னும் வகையில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய கை கோர்சச்சின் கை! ஆசானின் கொள்கையைக் கற்றவர், சட்டத்தின் சொற்களைத் தம் அறிவைக் கொண்டு படித்து, ஆசான் செல்லாத திசையிற் சென்றார்.

ஹாட்டை மறுத்தார் பின்னிஸ். பின்னிஸ் நின்ற பக்கத்துக்கு மாறாகத் தீர்ப்பெழுதினார் கோர்சச். மூவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளில் உருவான தொடர்ச்சி. பேராசிரியரின் வாயை அடைத்துவிட்டால் மாணாக்கர் காக்கப்படுவர் என்போர் இத்தொடர்ச்சியைக் காணட்டும். மாணவன் வெறும் பாத்திரமல்லன், ஊற்றியதை அப்படியே ஏந்திக்கொள்வதற்கு.

பழமைவாதிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2021இல் பின்னிஸ், தம் பழைய மாணவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியருமான றொபேட் ஜோர்ஜுடன் சேர்ந்து, கருவிலிருக்கும் சிசுவும் அமெரிக்க அரசியலமைப்பு பாதுகாக்கும் ஆளே என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் வாதம் சமர்ப்பித்தார். 2022இல் அம்மன்றம் கருச்சிதைவு உரிமையை நீக்கியதே தவிர, அவர் வாதத்தை ஏற்று எல்லா மாநிலங்களையும் கட்டும் தடையை விதிக்கவில்லை; மாநிலங்களின் முடிவுக்கே விட்டது. தம் பக்கத்தவர் பதவியில் இருக்கும்போதும் பேராசிரியரின் தத்துவம் முழுமையாகச் செல்லுபடியாகவில்லை. கொள்கையைக் கொள்கையாகவே நம்பி நிற்பவனை எக்கட்சியும் தனக்கு வேண்டிய மட்டுமே பயன்படுத்தும். எஞ்சியதை அலமாரியில் வைக்கும்.

பின்னிசுக்கு 2019இல் அவர் பிறந்த நாடாகிய அவுஸ்திரேலியா தன் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றை அளித்தது. அமெரிக்காவின் நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1995 முதல் அவருக்குப் பேராசிரியர் பீடம் அளித்திருந்தது. விருதுகளாலும் அவர் பெருமை வளரப் போவதில்லை. விண்ணப்பங்களாலும் தேயப் போவதில்லை. நீதியற்ற சட்டம் மனச்சாட்சியைக் கட்டாது என்னும் அவருடைய போதனை, அவருக்கே உரிய உடைமையும் அன்று; அவர் சமயத்தாருக்கு மட்டும் உரியதும் அன்று. கொலராடோவில் வீடிழந்து நின்றவனும் அதனை எடுத்து வழக்காடலாம். பேராசிரியரையே எதிர்த்தும் வழக்காடலாம்.

விண்ணப்பத்தில் ஒப்பமிட்ட அந்த இளைஞர்களுக்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. அந்த முதியவர் நடத்திய கருத்தரங்குக்குச் செல்வதே தக்கது. முன் வரிசையில் அமருங்கள். அவருடைய நூலைக் கையில் ஏந்துங்கள். பொதுநலத்தைப் பற்றி அவர் எழுதிய பக்கத்தைத் திறந்து, இதில் நாங்கள் இல்லையா என்று கேளுங்கள். விடை கூறும் கடமையினின்றும் அவரை விடுவிக்காதீர்கள். வெளியேற்றப்பட்டவருக்கு விடை கூறும் கடமை இல்லை. எதிரே அமர்ந்திருப்பவருக்கு உண்டு.